கரடிகள் கவனத்திற்கு

கீழ் கோத்தகிரி போகும் ரோட்டில், எஸ்டேட் தாண்டியதும் வரும் வளைவில் அந்தப் பலகையை நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அதன் முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளாமல் போகிற சுற்றுலாக்காரன் ஏதோ பாவம் செய்தவன் என்று ஆகிவிட்டது. பச்சைத் தகடு, இரண்டு இரும்புக் கால்கள். மேலே ஒரு கரடியின் படம். கரடிக்குத் தலையில் கட்டு, கண்ணில் தண்ணீர். கீழே வெள்ளை எழுத்தில் இப்படி இருந்தது:

‘கரடி அடி வாங்கிய வளைவு. இருபத்தாறு வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மழையில், அந்தி மயங்கும் நேரத்தில், இங்கிருந்த தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் ஒரு குழந்தையின் கையைக் கரடி ஒன்று பிடித்து முறித்தது. குழந்தையின் தாய் காளியம்மாள் விறகுக் கட்டையைக் கையில் எடுத்தார். ஏழு அடி விழுந்தது. எட்டாவது அடிக்குக் கரடி காத்திருக்கவில்லை. பிறகு அது இந்தப் பக்கம் தலைகாட்டவும் இல்லை. கரடிகள் கவனத்திற்கு: காளியம்மாள் இன்னும் இதே ஊரில்தான் குடியிருக்கிறார்.’

வாசகம் ஜாபேஸ் எழுதியது. வளைவுக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். இந்தப் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். ஊட்டிக்குப் போகிற கூட்டத்தில் ஒரு பங்காவது இந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றால் ஊருக்கு ஒரு கதை வேண்டும் என்று கண்டுபிடித்தவர். கதையைக் கொடுத்தது சுகுணா. அவள்தான் அந்தக் குழந்தை.

இப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. டீ பாக்டரி ஆபீசில் பில் போடும் வேலை. இடது கை முழங்கைக்குக் கீழே நேராக நீளாது. கொஞ்சம் வளைந்தே நிற்கும். அதற்காக அவள் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் எங்கப்பா அது வாங்கித் தந்தார், எங்கப்பா இங்கே கூட்டிப்போனார் என்று பீற்றிக்கொள்ளும்போது, அவள் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, ‘இது கரடி ஒடச்ச கை. எங்கம்மா அந்தக் கரடியை அடிச்சு வெரட்டுனாங்க’ என்பாள். அதற்கு மேல் எந்த அப்பா வந்து நிற்க முடியும்?

அவளுக்கு அப்பா இல்லை. அதே அந்தியில், அதே கரடிதான் அவரையும் கொண்டுபோனது என்பது ஊர் சொன்ன கதை. அப்பா நல்லசாமி, எஸ்டேட்டில் காவல்காரர். காவலுக்குப் போனவர் திரும்பவில்லை. மறுநாள் ஓடைப் பக்கம் ஒரு செருப்பு கிடந்தது. பெண்டாட்டியிடம் அடி வாங்கிய கரடி புருசனிடம் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஜாபேஸ் இந்தப் பகுதியைப் பலகையில் சேர்க்கவில்லை. சாவு வந்தால் சிரிப்பு போய்விடும், அப்புறம் எவன் நின்று படம் எடுப்பான் என்றார்.

அப்பாவின் எஸ்டேட் அட்டையில் இருந்த படத்தைக் கோத்தகிரியில் பெரிதாக்கி, சந்தன மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஆடி அமாவாசை தவறாமல் காளியம்மாள் அதற்கு இலை போட்டுப் படைப்பாள். படைத்துவிட்டு வெகுநேரம் கும்பிட்டபடி நிற்பாள். சின்ன வயதில் சுகுணா அதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு அப்பா மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்கும் அந்தப் படத்தின் மேல் ஆசைதான். மீசை வைத்த, லேசாகச் சிரிக்கிற அந்த முகத்திடம் பத்தாம் வகுப்பு மார்க்கைச் சொன்னாள், வேலை கிடைத்ததைச் சொன்னாள், கடன் வாங்கிக் கட்டிய இந்த வீட்டுக்குக் கதவு வைத்த அன்றைக்கு அதையும் சொன்னாள். ஒரு தடவை, ஒரே தடவை, அந்த ஆளை வாய் நிறைய அப்பா என்று கூப்பிட்டுவிட வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் அவளுக்கு ஆறவே இல்லை.

பலகை வந்ததில் காளியம்மாளுக்குத் துளியும் சந்தோஷம் இல்லை. திறப்பு விழாவுக்கு வரவில்லை. அந்த வளைவு வழியாக நடப்பதையே விட்டுவிட்டு, குறுக்கே தேயிலைக் காட்டுக்குள் இறங்கி ஏறிப் போனாள். கடைசியில் மகளிடம் ஒன்று கேட்டாள்.

“அந்தக் கடைசி வரிய மட்டும் அழிக்கச் சொல்லு.”

“ஏம்மா? அதுக்குத்தான் எல்லாரும் சிரிக்கறாங்க.”

“நான் இருக்கற எடத்தை ஊரு ஒலகத்துக்கெல்லாம் எதுக்குச் சொல்லோணும்?”

அம்மாவுக்கு அடக்கம் என்று சுகுணா எடுத்துக்கொண்டாள். ஜாபேஸிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு மனசே இல்லை. “பலகையோட உசுரே அந்த வரிலதான் இருக்குதுங்க” என்று புலம்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பச்சைப் பெயிண்ட் அடித்து மறைத்துவிடுவதாக ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். சிவபூஜையில் கரடி நுழைந்தது என்பார்கள். இங்கே கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்துக்குச் சரியாக நுழைந்தது. அம்மா வெந்நீர் அடுப்புக்கு விறகு எடுக்கக் கொல்லைப் பக்கம் போயிருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததைப் பார்த்துச் சுகுணா வெளியே வந்தாள். ஒல்லியான ஆள், நரைத்த தலை, கையில் ஒயர் கூடை. ஒரு புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பழைய தழும்பு.

“ஏனுங்க, யாரு வேணும்?”

“காளியம்மா ஊடு இதுதானுங்களே?”

பலகை வந்த நாளிலிருந்து இப்படி ஆள் வருவது வழக்கமாகிவிட்டது. “படம் எடுக்கறதுக்குன்னா அம்மா ஒத்துக்க மாட்டாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க” என்றாள்.

அந்த ஆள் அவள் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தார். பார்த்தவர் முகத்தில் என்னவோ ஓடியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

“படம் எடுக்க வரலீங் கண்ணு. என்ற படத்துக்கு மாலை போட்டு உங்க ஊட்டுலயே மாட்டி வெச்சிருக்கீங்களே” என்றார்.

சுகுணா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். மீசை இல்லை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது, ஆனால் அந்த மூக்கு அப்படியே இருந்தது. அதே மூக்கைத்தான் அவள் தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். செத்துப்போனவர் வாசலில் வந்து நின்றால் வாங்க என்று சொல்வதா, அலறுவதா? அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழக்கதோஷத்தில் வாங்க என்றுதான் வாயில் வந்தது.

அவர் உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போதே பாதி அவர் வேட்டியில் சிந்தியது. அவர் துடைத்துக்கொள்ளாமல் குடித்தார்.

“உங்களைக் கரடி...” என்று ஆரம்பித்தாள்.

அவர் சிரித்தார். படத்தில் இருக்கிற அதே சிரிப்பு. “கரடி என்னைய எதுக்குக் கண்ணு கொண்டுபோகுது? அந்தக் கரடியே நான்தான்.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ரசித்து ரசித்துச் சொல்ல ஆரம்பித்தார். நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த மனிதர். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். காவல்காரருக்கு எஸ்டேட்டில் கறுப்புக் கம்பளி கொடுப்பார்கள். மழை பிடித்துவிட்டால் அதைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொள்வதுதான் இந்த மலையில் எல்லாக் காவல்காரருக்கும் வழக்கம். அன்றைக்கும் நல்ல மழை, பக்கத்தில் நிற்பவர் தெரியாத அளவுக்கு மூடுபனி. அவர் உள்ளே கொஞ்சம் ஊற்றியிருந்தார். கீழே இருந்து லைன் வீட்டுக்கு ஏறுகிற மண் பாதை சறுக்கியது. ரெண்டு காலில் ஏற முடியாமல் நாலு காலில் ஏறினார்.

“வாசல்ல வந்து தலையத் தூக்கறேன், மண்டைல எறங்குச்சு பாரு ஒண்ணு. கரடி கரடின்னு கத்தறா உங்கம்மா. நான் எந்திரிக்கறதுக்குள்ள அடுத்தது. அப்பறம் லைனே தெரண்டு வந்திருச்சு, ஆளாளுக்குத் தீப்பந்தம், டின்னு. உருண்டு தேயிலைக்குள்ள உழுந்தவன்தான். விடிஞ்சதும் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கறேன், அங்க ஒருத்தன் சொல்றான், காளியம்மான்னு ஒரு பொம்பள கரடிய அடிச்சு வெரட்டிட்டாளாம்னு. நீயே சொல்லு கண்ணு. கரடி நான்தானுங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஊருக்குள்ள வர்றது? மேட்டுப்பாளையம் பஸ்ஸு நின்னுச்சு, ஏறிட்டேன்.”

சுகுணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த அதிர்ச்சியெல்லாம் சிரிப்பாகத் திரும்பி, கண்ணில் தண்ணீர் முட்டியது. இத்தனை வருடமாக ஊரே தூக்கி வைத்து ஆடிய கதை, கம்பளி போர்த்திய ஒரு குடிகாரனின் கதை. ஜாபேஸ் கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வார். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் அவள் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவர் பேசிக்கொண்டே போனார். பல்லடத்தில் கோழிப்பண்ணையில் இத்தனை காலம் வேலை. அங்கே ஒருத்தி கூட இருந்தாள், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கூட வேலை செய்கிற பையனின் போனில் பலகைப் படம் வந்ததாம்.

“காளியம்மாள் இன்னும் இதே ஊரில்தான்னு போட்டிருந்துச்சு. அதைப் படிச்சதும் மனசு கேக்கலே. வயசாயிருச்சு கண்ணு. பண்ணைல இனி வேண்டான்னுட்டாங்க. இங்க ஒரு மூலைல கெடந்துக்கறேன். உன்ற கையால ஒரு வாய் கஞ்சி ஊத்துனாப் போதும்.”

அப்பா என்ற சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இருந்துக்கங்கப்பா என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. உள் அறையைக் காலி செய்து கொடுக்கலாம், கம்பளி ஒன்று புதிதாக வாங்க வேண்டும் என்றுகூட மனசு கணக்குப் போட்டுவிட்டது. பக்கத்தில் போய் அவர் கையிலிருந்த சொம்பை வாங்க இடது கையை நீட்டினாள். நீட்டிய கை, எப்போதும் போல, பாதியில் வளைந்து நின்றது.

அவள் அதைப் பார்த்தாள். நல்லசாமியும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கரடி ஒன்றுதான் வந்தது. அந்தக் கரடி இவர்தான். பலகையில் ஆரம்பமே கரடி குழந்தையின் கையை முறித்தது என்றுதானே இருக்கிறது? அதை அவளே சொல்லிக் கொடுத்து, அவளே சரி பார்த்து, அவளே கை தட்டி ஏற்றுக்கொண்டாள்.

“நீங்கதான் கரடின்னா, இதை யாரு ஒடச்சது?”

அவர் வேட்டி நுனியைப் பிடித்துப் பிழிந்தார். இவ்வளவு நேரம் உறைக்காத ஈரம் இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“அதெல்லாம்... தண்ணி உள்ள போயிட்டா மனுசனுக்கு நெதானம் இருக்குதா கண்ணு? மத்தியானம் படுக்கலாம்னு வந்தேன். நீ நிறுத்தாம அழுதுட்டே கெடந்தே. கையப் பிடிச்சு அந்தப் பக்கம் போட்டேன், அவ்வளவுதான். வேணும்னு பண்ணலே.”

கொல்லைக் கதவுப் பக்கம் மடமடவென்று சத்தம் கேட்டது. காளியம்மாள் கையிலிருந்த விறகெல்லாம் தரையில் கிடந்தது. ஒரு கட்டை மட்டும் கையோடு தங்கிவிட்டது. நல்லசாமி நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அறுபது வயதுக்காரர் அவ்வளவு வேகமாக எழுந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அவள் அடிக்க வரவில்லை. கட்டையைக் கீழே வைத்தாள். சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உசுரோடதான் இருக்கீங்களா” என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அம்மா அழுது சுகுணா பார்த்ததே இல்லை. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கொன்னுட்டேன்னு நெனச்சேன் சுகுணா. இத்தன வருசமும் நான் இவரைக் கொன்னுட்டேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். செருப்பு கெடந்துச்சு, ஆளு கெடைக்கலே. ஒவ்வொரு அமாவாசைக்கும் இலையப் போட்டுட்டு, என்னைய மன்னிச்சிருங்கன்னுதான் கும்பிட்டேன்.”

“நீ கரடின்னு நெனச்சுத்தானேம்மா அடிச்சே?”

காளியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகளின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“மொத அடி விழுந்ததுமே, காளி, நான்தான்டின்னாரு. கொரல் தெரியாமயா போகும்? நான் வேலை உட்டு வந்தப்பவே, அப்பா புடிச்சுப் போட்டாருன்னு ஒடஞ்ச கையக் காட்டி நீ சொல்லியிருந்தே. மொத அடிதான் கரடிக்கு. மிச்ச ஆறும் இந்தக் கைக்கு.”

குக்கர் விசில் அடித்தது. யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை.

“ஊரு வந்து பார்த்துச்சு. ஒடஞ்ச கையோட நீ கெடக்கறே. கரடி ஒடச்சுப்போட்டுதுன்னு அவங்களே சொன்னாங்க. நான் ஆமான்னும் சொல்லலே, இல்லேன்னும் சொல்லலே. பெத்தவன் ஒடச்சான்னு உங்கிட்ட சொல்றதுக்கு, கரடி ஒடச்சுதுன்னே இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன். இந்தப் பலகைய நட்டீங்க பாரு, அன்னைலேருந்து எனக்குத் தூக்கமில்லே. இவரு செத்திருந்தா போலீசு வரும், உசுரோட இருந்தா இவரே வருவாரு. ரெண்டு பேருக்கும் வழி காட்டற வரி அது. அதுக்குத்தான் அழிக்கச் சொன்னேன்.”

நல்லசாமி சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார், ஆனால் உட்காரவில்லை. “பழசையெல்லாம் கிளறி என்ன ஆகப்போகுது காளி? நானும் பட்டுட்டேன். இப்ப எனக்கும் போக்கிடம் இல்லே.”

“எங்கிட்ட கேக்காதீங்க. ஊடு இவ கட்டுனது. கையும் இவளுது.”

இரண்டு பேரும் சுகுணாவைப் பார்த்தார்கள். அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். மார்க்கையும் வேலையையும் வீட்டையும் கேட்டுச் சிரித்த முகம் அது. அதன் மேல் அவள் வைத்திருந்த ஆசை பொய்யில்லை. அந்த ஆசைக்குத் தகுந்த ஆள்தான் இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் மேல் கோபம் வருகிறதா, இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். இரண்டும் வந்தது. வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் அளவுக்கு எதுவும் வரவில்லை.

எழுந்து போய் இலை போட்டாள். சோறு வைத்து, கறிக்குழம்பு ஊற்றினாள். “சாப்பிடுங்க” என்றாள். அவர் சாப்பிட்டார், பசிதான் போலிருக்கிறது, இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆடி அமாவாசைக்கு அந்தப் படத்துக்கு வைத்த சோற்றையெல்லாம் காக்கைதான் தின்றிருக்கிறது. கடைசியாக ஒரு தடவை உரியவரே தின்றுவிட்டுப் போகட்டும் என்று அவள் நினைத்தாள். கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டவர், உள் அறையைப் பார்த்தார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. வாங்க, வளைவு வரைக்கும் நான் வர்றேன்” என்றாள் சுகுணா.

அவர் வாயைத் திறந்தார். பிறகு காளியம்மாள் அடுக்கிக்கொண்டிருந்த விறகைப் பார்த்துவிட்டு, ஒயர் கூடையை எடுத்துக்கொண்டார்.

வளைவில் ஜாபேஸ் ஸ்டூல் போட்டு ஏறி, பெயிண்ட் டப்பாவும் பிரஷும் கையுமாக நின்றிருந்தார். காரில் வந்த ஒரு குடும்பம், கடைசி வரியோடு ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம், பொறுங்கள் என்று அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. சுகுணாவைக் கண்டதும் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

“பாருங்க, எத்தனை பேருக்குப் புடிச்சிருக்குது. இதைப் போய் அழிக்கச் சொல்றீங்களே.”

“வேண்டாங்க. அந்த வரி இருக்கட்டும்.”

“அம்மா திட்ட மாட்டாங்களே?”

“மாட்டாங்க. நான் சொல்லிக்கறேன்.”

ஜாபேஸுக்கு வாயெல்லாம் பல். டப்பாவை மூடிவிட்டு இறங்கினார். அப்போதுதான் கூட நிற்பவரைக் கவனித்தார். “பெரியவர் யாருங்க? சொந்தமா?”

“இவருதானுங்க அந்தக் கரடி” என்றாள் சுகுணா.

ஜாபேஸ் விழுந்து விழுந்து சிரித்தார். “நல்லாத்தான் கரடி விடறீங்க” என்றார். கார்க்காரக் குடும்பமும் சிரித்தது. நல்லசாமி மட்டும் பலகையைப் படித்துக்கொண்டு நின்றார். கட்டுப் போட்ட கரடியைப் பார்த்தார். கீழே வரி வரியாக இறங்கி, கடைசி வரிக்கு வந்தவர் அதற்கு மேல் பலகையைப் பார்க்கவில்லை.

கீழே இருந்து கோத்தகிரி பஸ் ஏறி வரும் சத்தம் கேட்டது. வளைவில் நிறுத்தம் கிடையாது. கை காட்டினால்தான் நிற்கும். சுகுணா ரோட்டோரம் போய் நின்றாள். வலது கை சும்மாதான் இருந்தது. ஆனால் அவள் இடது கையைத்தான் நீட்டினாள். அது பாதிக்கு மேல் நீளவில்லை. டிரைவருக்கு அது போதும், வண்டி நின்றது.